சுங்கச் சாவடியில் 36 வருஷம்

(நமது சங்கத்தின் மைசூர் கிளை, தேவராஜ மொஹல்லாவில் நடத்திய மாதாந்திரக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற சுங்க இலாகா சூப்பிரண்டெண்ட் ஒருவர் ஆற்றிய உரை. தம் பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை.)

 

போன மாசம் இதே ஹாலில் சர்க்கரை வியாதியைப் பற்றி ஒரு டாக்டர் பேசினார். கேட்டுவிட்டு எல்லோரும் கீழே போய் மைசூர்பாக் சாப்பிட்டோம். இந்த மாசம் என் முறை. செயலாளர் வீட்டுக்கு வந்து, "ஏர்போர்ட்டில் நீங்க பிடிச்ச கதையெல்லாம் சொல்லுங்கோ, சுவாரஸ்யமா இருக்கும்" என்றார். பிடித்த கதையை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், பேப்பரிலேயே வந்துவிடுகிறது. நான் விட்ட கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். எந்த ஊர் விமான நிலையம் என்று மட்டும் கேட்காதீர்கள். தப்பு என்னுடையது, ஊருடையது அல்ல.

என்னை அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. 1978-ல் இலாகாவில் சேர்ந்தேன். கடற்கரை, துறைமுகம், தபால் பார்சல், விமான நிலையம் என்று சுற்றி, சூப்பிரண்டெண்ட்டாக 2014 ஜூலையில் ஓய்வு பெற்றேன். பிறகு சிவராம்பேட்டையில் மாமனார் காலத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். காலையில் தேவராஜ மார்க்கெட்டில் வெற்றிலையும் மல்லிகையும் வாங்குவது, சாயங்காலம் கீழ்த்திசை நூலகப் பக்கம் நடப்பது, இதுதான் இப்போது என் டியூட்டி.

அந்த நூலகத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் மேலே போக மனசு வரவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் கிரந்த எழுத்தில் இருந்த ஒரு ஓலைச்சுவடியை அங்கே கொண்டுவந்து கொடுத்தார். 1905-ல் நூலகர் ருத்ரபட்டணம் சாமாசாஸ்திரி அதைப் பிரித்துப் பார்த்தால், காணாமல் போய்விட்டது என்று உலகம் நினைத்திருந்த கௌடில்யரின் அர்த்த சாஸ்திரம்! 1909-ல் மூலத்தையும் 1915-ல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் அவர் அச்சிட்டார். நம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் நடந்த காரியம் இது.

அதில் இரண்டாவது அதிகரணத்தில் சுல்காத்யக்ஷன் என்று ஒரு அதிகாரி வருகிறான். சுல்கம் என்றால் சுங்கம். அத்யக்ஷன் என்றால் மேற்பார்வையாளன், அதாவது சூப்பிரண்டெண்ட். சாக்ஷாத் என் உத்தியோகம்! ஊர் வாசலருகே சாவடி, அதற்கு ஒரு கொடி. உள்ளே நாலைந்து பேர் உட்கார்ந்து, வியாபாரி யார், எங்கிருந்து வருகிறான், எவ்வளவு சரக்கு, முத்திரை எங்கே வைக்கப்பட்டது என்று எழுதிக்கொள்ள வேண்டும். முத்திரை இல்லையென்றால் இரண்டு மடங்கு, கள்ள முத்திரை என்றால் எட்டு மடங்கு. வியாபாரி வேஷத்தில் போன ஒற்றன் முன்கூட்டியே ராஜாவுக்குத் தகவல் சொல்லிவிடுவான். ராஜாவுக்கு எல்லாம் தெரியும் என்று சாவடியில் சொல்லி வியாபாரிகளை அசத்த வேண்டும். நாங்கள் இதை "இன்ஃபர்மேஷன்" என்போம். இன்னொன்றும் இருக்கிறது. கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு, உபநயனத்துக்கு, பூஜைக்கு என்று கொண்டுபோகும் சாமானுக்குச் சுங்கம் கிடையாது. ஆனால் பொய் சொல்லி அந்தச் சலுகையை எடுத்தால் திருடனுக்கு உண்டான தண்டனை. கல்யாணத்துக்குக் கொண்டுபோகிறேன் என்ற வாக்கியத்தை நான் கவுண்டரில் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன்! கௌடில்யரும் கேட்டிருக்கிறார் என்று தெரிந்ததும் ஒரு ஆறுதல்.

நம் தமிழ் தேசத்தில் முதலாம் குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பட்டம். சுங்கம் வசூலித்த எந்த ராஜாவுக்கும் ஜனங்கள் பட்டம் கொடுத்ததில்லை. எங்கள் உத்தியோகத்தின் பெருமை அவ்வளவுதான்.

நான் சேர்ந்த காலத்தில் தங்கம் என்றாலே பயம். 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று பொற்கொல்லர்கள் வயிற்றில் அடித்த விதி அது. 1968-ல் அது தனிச் சட்டமாயிற்று. 1990-ல் எடுத்தார்கள். 1992-ல், வெளிநாட்டில் ஆறு மாசம் இருந்தவர்கள் வரி கட்டி 5 கிலோ வரை கொண்டுவரலாம் என்றதும், கடத்தல்காரனுக்கு வேலை குறைந்து போயிற்று. நாங்கள் கூடக் கொஞ்சம் தூங்கினோம். மறுபடி ஆரம்பித்தது 2012-க்கு அப்புறம். 2012 ஜனவரியில் 2 சதவீதமாக இருந்த தங்க வரி படிப்படியாக ஏறி, 2013 ஆகஸ்டில் 10 ஆயிற்று. பிறகு 2022-ல் 15 வரைக்கும் போய், 2024 ஜூலையில் 6-க்கு இறங்கியது. இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்தாலே போதும், எந்த வருஷம் குருவிகள் பறந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். குருவி என்றால் உங்களுக்குத் தெரியும். டிக்கெட்டும் கொஞ்சம் பணமும் வாங்கிக்கொண்டு அடுத்தவன் சரக்கைச் சுமந்து வருகிறவன். பிடிபடுகிறவன் அவன்தான். முதல் போட்டவனை நான் என் சர்வீஸில் நேரில் பார்த்தது இரண்டு மூன்று தடவைதான்.

சூப்பிரண்டெண்ட்டுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். பெட்டியைத் திறப்பது அவர் வேலை இல்லை. ராத்திரி பேட்ச்சுக்கு இன்ஸ்பெக்டர்கள், ஹவில்தார்கள் வருவார்கள். ஒவ்வொருவரும் தன் பையில் சொந்தப் பணம் எவ்வளவு என்று ரிஜிஸ்தரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். யார் ஸ்கேனரில், யார் பச்சை வழியில், யார் வரி கவுண்டரில் என்று கடைசி நிமிஷத்தில் நான் பிரித்துக் கொடுப்பேன். முன்னாலேயே தெரிந்தால் வெளியே உள்ளவனுக்கும் தெரிந்துவிடும். பிடித்த சரக்கை வைக்கிற அறைக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம். ராத்திரி மூன்று மணிக்கு மகஜருக்குச் சாட்சி இரண்டு பேர் தேட வேண்டும், எவனும் வரமாட்டான். பயணி கத்தினால், எம்.எல்.ஏ. பேரைச் சொன்னால், மயங்கி விழுந்தால், எல்லாவற்றுக்கும் "சாரைக் கூப்பிடு". யாரைத் திறந்து பார்ப்பது, யாரை விடுவது என்பதில் இழுபறி வந்தால் கடைசி வார்த்தை என்னுடையது. ஒரு விமானத்திலிருந்து இருநூறு, முந்நூறு பேர் இறங்குகிறார்கள். எல்லோரையும் திறக்க முடியாது. பத்துப் பேரைத் திறப்போம். எந்தப் பத்து? உத்தியோகம் முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

ஆபத்தும் உண்டு, என்னைப் போன்ற மேஜைக்காரனுக்கு இல்லை. 1991 மே மாசம் கோவாவில் காஸ்டாவ் பெர்னாண்டஸ் என்ற சுங்க அதிகாரி, தங்கம் போகிறது என்று தகவல் வந்து, தன்னந்தனியாக மோட்டார் சைக்கிளில் ஒரு காரைத் துரத்தினார். கைகலப்பில் அவருக்குக் கத்திக்குத்து, எதிராளி இறந்துபோனான். அதிகாரி மேலேயே கொலை வழக்கு. 1996-ல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஐந்து வருஷம் ஒரு மனுஷர் கொலைகாரன் என்ற பேரோடு இருந்தார். அவரை நினைத்தால், நான் சொல்லப்போவது அற்ப விஷயம். ஆனாலும் என்னுடையது.

2013 டிசம்பர். மார்கழி பிறந்து நாலைந்து நாள். ஓய்வுக்கு ஏழு மாசம் பாக்கி. விடிகாலை சிங்கப்பூர் விமானம் வந்தது. அன்றைக்கு ஸ்கேனரில் உட்கார்ந்தது புதுசாகச் சேர்ந்த ஒரு பெண் இன்ஸ்பெக்டர். விழுப்புரம் பக்கத்துக் கிராமம், வீட்டில் முதல் பட்டதாரி. சேர்ந்து எட்டு மாசம்கூட ஆகவில்லை.

முதலில் ஒரு ஆள் வந்தார். முப்பத்தைந்து வயசிருக்கும். கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய ஒரு அட்டைப்பெட்டி. முகமெல்லாம் வேர்வை, என் கண்ணைப் பார்க்கவில்லை. ஸ்கேனரில் ஒன்றும் வித்தியாசமாக இல்லை என்று அந்தப் பெண் சொன்னாள். "எனக்கு வித்தியாசமாத் தெரியறது, திற" என்றேன். முப்பத்தஞ்சு வருஷ அனுபவம் பேசுகிறது என்று எனக்கே ஒரு நினைப்பு. பெட்டியைப் பிளேடால் கிழித்தோம். கம்பளி, கோடாலித் தைலம், பால் பவுடர், டார்ச், குழந்தைக்கு ஒரு பொம்மை. பால் பவுடர் டின்னைத் திறந்து குத்திப் பார்த்தோம். பொம்மையின் வயிற்றைப் பிரித்தோம். சட்டைப் பையில் ரசீதோடு இரண்டு பவுனுக்கும் குறைவாக ஒரு சங்கிலி. மூன்று வருஷம் வெளிநாட்டில் இருந்தவருக்கு அது சலுகைக்குள்ளேயே அடங்கும். பிறகு அவரை உள்ளே அழைத்துப்போய் உடல் சோதனை. சட்டம் என்ன சொல்கிறது தெரியுமோ? 1962-ஆம் வருஷச் சுங்கச் சட்டம் 102-வது பிரிவில், சோதிக்கப்படுகிறவர் கேட்டால் அவரை கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்டிரேட் முன்னால் கொண்டுபோக வேண்டும்; அந்த அதிகாரி முகாந்திரம் இல்லை என்று நினைத்தால் விட்டுவிட வேண்டும். அவருக்கு அந்த உரிமை இருப்பதைச் சொன்னோம். "நீங்களே பாருங்க சார்" என்றார். அந்த கெஜட்டட் அதிகாரியும் நான்தான்! என் சந்தேகத்தை நானே பரிசீலித்து, சரி என்று நானே சொல்லிக்கொண்டேன்.

உள்ளே சட்டையைக் கழற்றச் சொன்னால், ஒன்றின் கீழ் ஒன்றாக நாலு சட்டை. லக்கேஜ் எடை கூடினால் பணம் கேட்பார்கள் என்று போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வேர்வைக்குக் காரணம் அதுதான். ஒன்றும் கிடைக்கவில்லை. மொத்தம் ஒன்றரை மணி நேரம்.

இது நடந்துகொண்டிருக்கும்போதே நடுவில் என்னைக் கூப்பிட்டார்கள். ஸ்கேனர் பக்கம் வந்தேன். ஒரு மாமி. அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். மூக்குத்தி, நெற்றியில் குங்குமம், காலில் மெட்டி, தோளில் ஒரு சால்வை. கையில் ஸ்லோகப் புஸ்தகம். பெண் பிரசவத்துக்குப் போய் மூன்று மாசம் இருந்துவிட்டு வருகிறார். என்னைப் பார்த்ததும், "ஏம்பா, நீ நம்மவாதானே? ரொம்ப நேரமா நிக்கறேன், காலெல்லாம் வீங்கிப் போயிடுத்து" என்றார்.

அந்தப் பெண் திரையைக் காட்டினாள். "சார், இந்தப் பையில் ஒரு எமர்ஜென்ஸி லைட் இருக்கு. டிரான்ஸ்பார்மர் ரொம்பக் கறுப்பாத் தெரியுது. திறந்து பார்க்கணும்."

"டிரான்ஸ்பார்மர்னா இரும்பு. கறுப்பாத்தான் தெரியும்."

"அதில்லை சார். சிங்கப்பூர்லேர்ந்து யாராவது எமர்ஜென்ஸி லைட் வாங்கிட்டு வருவாங்களா? நம்ம ஊர்லயே கிடைக்குதே."

இதைவிடச் சுத்தமான ஒரு சந்தேகத்தை நான் என் சர்வீஸில் கேட்டதில்லை. ஆனால் அன்றைக்குக் காதில் ஏறவில்லை. என் அம்மா ஞாபகம் வந்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். உள்ளதைச் சொன்னால், நம் வீட்டு மனுஷாளைப் போய்ச் சோதிப்பதா என்ற எண்ணம்தான். "விடும்மா. பெரியவாளை நிக்க வைக்காதே" என்றேன். மாமியின் தள்ளுவண்டியை ஹவில்தாரை விட்டுத் தள்ளச் சொன்னேன். திரும்பி உள்ளே போய் அந்த மனுஷரிடம், "இன்னொரு சட்டையையும் கழற்று" என்றேன். மாமிக்கு "நீங்கள்", அவருக்கு "நீ". அது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. பிற்பாடுதான் உறைத்தது.

அரை மணி கழித்து வெளியே எங்கள் புலனாய்வுப் பிரிவு ஆட்கள் ஒருவனை மடக்கினார்கள். அவர்களுக்கு வேறு தகவல் இருந்தது. எங்களுக்குச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். அவன் கையில் அந்த எமர்ஜென்ஸி லைட். டிரான்ஸ்பார்மருக்குள் இரும்புத் தகடு இருக்க வேண்டிய இடத்தில் அதே மாதிரி வெட்டி, மேலே பூச்சுப் பூசிய தங்கத் தகடு. ஒரு கிலோவுக்குச் சற்று மேல். அன்றைய விலைக்கு முப்பது லட்சத்துக்குப் பக்கம்.

டாக்சியில் ஏறிக்கொண்டிருந்த மாமியைத் திரும்ப உள்ளே அழைத்துவந்தார்கள். நடந்தது இதுதான். சிங்கப்பூர் விமான நிலையத்தில் ஒரு பையன் வந்து நமஸ்காரம் பண்ணியிருக்கிறான். "பாட்டி, எனக்கு லக்கேஜ் ஜாஸ்தியாயிடுத்து, அம்மாவுக்கு ஒரு விளக்கு வாங்கினேன், அண்ணா வெளியில வந்து வாங்கிப்பான்" என்று நம் பாஷையில் பேசியிருக்கிறான். எந்த ஊர், என்ன கோத்திரம் என்றுகூட விசாரித்தாளாம், சரியாகப் பதில் சொன்னானாம். எந்தச் சாவியால் மாமியைத் திறந்தானோ அதே சாவியால் என்னையும் திறந்துவிட்டான், என்னைப் பார்க்காமலேயே.

108-வது பிரிவின்படி மாமியிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். ஒரு பெண் அதிகாரி பக்கத்தில் இருந்தார், காபி வாங்கிக் கொடுத்தார். கௌரவமாகத்தான் நடத்தினார்கள். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மாமி என்னைப் பார்த்து ஒன்று கேட்டார். "அந்தப் பொண்ணு திறக்கறேன்னு சொல்லித்தே, நீதானே வேண்டாம்னே? அங்கேயே திறந்திருந்தா, இது என்னோடது இல்லை, ஒரு பிள்ளை கொடுத்தான்னு அப்பவே சொல்லியிருப்பேனே. இப்ப நான் அதைக் கடத்திண்டு போய்க் கொடுத்தவளாயிட்டேனே."

நான் செய்தது தயவு என்று நினைத்தேன். அந்தத் தயவால்தான் அவர் குற்றவாளி நாற்காலியில் உட்கார்ந்தார்.

இனிதான் கஷ்டமான இடம். மேலதிகாரி அறிக்கை கேட்டார். ஸ்கேனரில் இருந்தது யார், ஏன் திறக்கவில்லை? அந்தப் பெண் திறக்கக் கேட்டாள், நான் தடுத்தேன் என்பதற்கு எழுத்தில் ஒரு அட்சரம் கிடையாது. ஸ்கேனரில் இருந்தவர் பெயர் என்று அவள் பெயரை எழுதிவிட்டு, மற்றதை எழுதாமல் விட்டால் போதும். பொய்யே சொல்ல வேண்டாம், மௌனமாக இருந்தால் ஆயிற்று. ஓய்வு பெறும் சமயத்தில் விசாரணை நிலுவையில் இருந்தால், அன்றைய பென்ஷன் விதி 69-ன்படி தற்காலிகப் பென்ஷன்தான் கிடைக்கும், கிராஜுவிட்டி முடங்கும். எனக்கு அப்போது பெண் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். யோசித்தேன் என்பதையே இன்றைக்குத்தான் வெளியில் சொல்கிறேன். என் ஆத்துக்காரி இதோ இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு மட்டும் தெரியும். விடிகாலை காபி கொடுத்துவிட்டு எல்லாம் கேட்டாள். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. "அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?" என்றாள். இருபத்தி நாலு என்றேன். "நம்மாத்துப் பொண்ணைவிட ஒரு வயசு சின்னவ" என்று சொல்லிவிட்டுக் கோலம் போடப் போய்விட்டாள்.

நடந்ததை நடந்தபடி ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அந்த ஆளை ஒன்றரை மணி நேரம் சோதித்ததையும் சேர்த்துத்தான். அதை யாரும் கேட்கவில்லை. விளக்கம் கேட்டார்கள், மூன்று மாசம் இழுத்தது, கடைசியில் எழுத்து மூலம் ஒரு எச்சரிக்கையோடு முடிந்தது. என் அதிருஷ்டம். வேறு மேலதிகாரியாக இருந்தால் வேறு மாதிரி முடிந்திருக்கலாம். எப்போதும் ஏற்பாட்டின்படி ஸ்கேனருக்கு வருகிற அந்தப் பெண் மறுநாள் என்னிடம் எதுவும் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து, "சார், அந்தப் பாட்டிக்கு என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டாள்.

மாமிக்கு நோட்டீஸ் போயிற்று. இரண்டு தடவை விசாரணைக்கு மாப்பிள்ளையோடு வந்தார். தங்கம் முழுக்கப் பறிமுதல், வாங்க வந்தவனுக்கு அபராதம். மாமிக்குத் தெரிந்து செய்யவில்லை என்று அபராதம் இல்லை. "இனிமே ப்ளேன்லேயே ஏற மாட்டேங்கறா சார்" என்றார் மாப்பிள்ளை.

நம் சங்கத்தில் பாதிப் பேருக்குப் பிள்ளையும் பெண்ணும் வெளிநாட்டில். இந்தப் பத்திரிகையைப் பல ஊர்களில் படிப்பார்கள். ஆகையால் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் கொடுக்கும் எதையும், அவர் எந்த பாஷையில் பேசினாலும், எத்தனை நமஸ்காரம் பண்ணினாலும் வாங்காதீர்கள். முறுக்கு டப்பாவானாலும் சரி. வைரத்தோடு, வளையல் எல்லாம் போட்டுக்கொண்டு போகிற மாமிகள், புறப்படும்போதே விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் நகைகளைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும், அவ்வளவுதான். திரும்பும்போது "இது எங்கம்மா போட்டது" என்று கண்ணீர் விட வேண்டியதில்லை. 2016-ல் வந்த விதிகளில், ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்த புருஷர்களுக்கு 20 கிராம், ஸ்திரீகளுக்கு 40 கிராம் நகை, மதிப்பு வரம்போடு வரியில்லாமல் விட்டார்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். புறப்படும் முன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேரன் பிறந்ததற்கு மூன்று மாசம் போய் வருகிறவர்களுக்கு அந்த ஒரு வருஷச் சலுகை பொருந்தவில்லை என்பதைப் பலர் கவுண்டரில் வந்துதான் தெரிந்துகொண்டார்கள்.

சிவப்பு வழியில் போவது அவமானம் என்று நம்மவர்களுக்கு ஒரு எண்ணம். பச்சை வழியில் காலை வைத்தாலே, என்னிடம் வரி கட்ட வேண்டிய சாமான் ஒன்றும் இல்லை என்று சொன்னதாக அர்த்தம். சந்தேகம் இருந்தால் சிவப்பில் போய்க் கேளுங்கள். கேட்டதற்காக யாரையும் பிடித்து வைத்ததில்லை. வரி கட்ட இஷ்டமில்லாத சாமான் இருந்தால், ஒளிக்காமல் காட்டி, 80-வது பிரிவின்படி அங்கேயே வைத்து ரசீது வாங்கிக்கொண்டு, திரும்பிப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம். ஸ்திரீகளை ஸ்திரீதான் சோதிக்க வேண்டும். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும் முன் முழுக்கப் படியுங்கள், படிக்கத் தெரியாத பாஷையென்றால் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். சுங்க அதிகாரி போலீஸ் அதிகாரி அல்ல, ஆகவே அவரிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகும் என்று 1968-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது சென்னைச் சுங்கக் கலெக்டர் சம்பந்தப்பட்ட வழக்குத்தான்.

போன வருஷம் 2025 மார்ச்சில், நம் பெங்களூரு விமான நிலையத்தில் துபாயிலிருந்து வந்த ஒரு நடிகையிடம் 14.2 கிலோ தங்கம் பிடிபட்டதை எல்லோரும் படித்தீர்கள். பன்னிரண்டரைக் கோடி ரூபாய். பிடித்தது வருவாய்ப் புலனாய்வு இயக்ககம். போலீஸ் மரியாதையோடு வெளியே போகிற வழக்கம் இருந்ததா என்றெல்லாம் விசாரணை நடந்தது. மார்க்கெட்டில் காய் வாங்கும்போதுகூட அதே பேச்சு. நிஜம் எதுவோ கோர்ட்டு சொல்லட்டும். நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். முன்னால் யாரோ ஒரு யூனிபார்ம்காரர் வழிவிடச் சொல்லி நடந்து வர, பச்சை வழியில் நிற்கிற இளம் அதிகாரி ஒருவர் "ஒரு நிமிஷம், பையைக் கொஞ்சம்" என்று சொல்ல வேண்டுமானால், அவருக்குப் பின்னால் நிற்கிற சூப்பிரண்டெண்ட் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்? என் பின்னால் நின்ற அந்தப் பெண்ணுக்கு நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியும்.

அந்த அட்டைப்பெட்டிக்காரரைப் பற்றி முடிக்கவில்லை. எல்லாம் முடிந்து, "போகலாம்" என்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அவர் கீழே உட்கார்ந்து சாமான்களைத் திரும்ப அடுக்கினார். கிழிந்த பெட்டி நிற்கவில்லை. பொம்மையின் வயிற்றில் பஞ்சைத் திணித்துப் பார்த்தார், கம்பளிக்குள் சுருட்டி வைத்தார். பிறகு தலை நிமிர்ந்து, "சார், கயிறு இருக்கா?" என்றார். நாங்கள் வெட்டிய கயிறு துண்டு துண்டாகக் கிடந்தது. எங்கள் இடத்தில் கயிறு கிடையாது. பிளேடு இருந்தது, சீல் வைக்க அரக்கு இருந்தது, ரசீதுப் புஸ்தகம் இருந்தது, கயிறு இல்லை. கடைசியில் அந்தப் பெண்தான் தன் துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்குகளை எடுத்துக் கம்பளியைக் குத்தி மூட்டையாக்கிக் கொடுத்தாள். அவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் டியூட்டிக்குப் போகும்போது மளிகைக் கடையில் ஒரு சணல் உருண்டையும், பெட்டி ஒட்டுகிற டேப்பும் வாங்கிக்கொண்டு போய் என் மேஜை டிராயரில் வைத்தேன். பாக்கி ஏழு மாசத்தில் நாலு உருண்டை செலவாயிற்று. 2014 ஜூலை 31-ஆம் தேதி மாலை போட்டு, போண்டா காபி எல்லாம் ஆன பிறகு, அந்தப் பெண்ணிடம் டிராயர் சாவியைக் கொடுத்தேன். அவள் திறந்து பார்த்துவிட்டு, "இது தீர்ந்துபோச்சு சார், நான் ரெண்டு வாங்கி வச்சிருக்கேன்" என்று தன் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள்.